அம்மாவுக்குக் கீமோ தேவையா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மார்பகக் கட்டியை அகற்றி மூன்று வாரமாகிறது. நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை, ஓமோன் ஏற்பிகள் உண்டு, ஹெர்-2 (கட்டியை வேகமாக வளரச் செய்யும் புரதம்) இல்லை என்கிறது அறிக்கை. கீமோ தேவையா என்று அறிய வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்யும் மரபணுப் பரிசோதனை ஒன்று இருப்பதாக வைத்தியர் சொன்னார். செலவு அதிகம். "மரபணு என்றால் உனக்கும் வரும்" என்று மாமி பயமுறுத்துகிறார். நகையை அடகு வைத்தாவது செய்ய வேண்டுமா?
— ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: அன்புள்ள மகளுக்கு,

முதலில் மாமியின் அச்சத்தை விலக்கிவிடுகிறேன். தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கக்கூடிய பி.ஆர்.சி.ஏ. போன்ற மரபணுக்களின் மாற்றங்களை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ தேடுவது வேறு பரிசோதனை. வைத்தியர் சொன்னது, அம்மாவின் கட்டிக்குள் எந்த மரபணுக்கள் மும்முரமாக இயங்கின, எவை அடங்கிக் கிடந்தன என்று அளப்பது. உங்களுக்கு நோய் வருமா என்பதை அது சொல்லாது.

அகற்றிய இழையம் ஆய்வுகூடத்தில் மெழுகில் பதித்துப் பாதுகாக்கப்படுகிறது. அதிலிருந்து தலைமுடியிலும் மெல்லிய சீவல்களை எடுத்து, அவற்றிலுள்ள ஆர்.என்.ஏ.யை (மரபணு இயங்கும்போது உருவாகும் பொருளை) பிரித்து அளப்பார்கள். ஆகவே அம்மாவுக்கு மீண்டும் ஊசியோ கத்தியோ இல்லை. ஒன்கோடைப் டிஎக்ஸ் என்ற பரிசோதனை 21 மரபணுக்களைப் பார்க்கிறது: 16 புற்றுநோயோடு தொடர்புடையவை, 5 ஒப்பீட்டுக்கானவை. கலப்பிரிவைத் தூண்டுபவை ஓங்கியிருந்தால் 0 முதல் 100 வரையான புள்ளி ஏறும், ஓமோன் சார்ந்தவை ஓங்கியிருந்தால் இறங்கும். புள்ளி ஏற ஏற நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

அந்தப் புள்ளியை நம்பலாமா என்பதற்கு, 10,000க்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்து 2018இல் முடிவு வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு விடை தருகிறது. கணுக்களில் நோயில்லாத, அம்மாவுடையது போன்ற கட்டி உள்ளவர்களில் புள்ளி 11 முதல் 25 வரை இருந்தோரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்பது ஆண்டு முடிவில் நோய் திரும்பாமலும் வேறு புற்றுநோய் வராமலும் உயிரோடிருந்தவர்கள், ஓமோன் மாத்திரை (ஓமோனின் தூண்டுதலைத் தடுப்பது) மட்டும் எடுத்தோரில் 83.3 சதவீதம், கீமோவும் பெற்றோரில் 84.3 சதவீதம். ஐம்பது வயதுக்கு உட்பட்டோரில் புள்ளி 16 முதல் 25 வரை இருந்தால் கீமோவால் ஓரளவு பயன் தெரிந்தது. அம்மாவின் வயதில் 25 வரை அதைத் தவிர்க்கலாம் என்பதே நடைமுறை. கீமோ வேண்டாம் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளல்ல. புள்ளி எதுவானாலும் ஓமோன் மாத்திரை குறைந்தது ஐந்து ஆண்டு தொடர வேண்டும், அதைத் தவறவிடாதீர்கள்.

நகை விடயத்துக்கு வருகிறேன். "இந்தப் புள்ளி உங்கள் முடிவை மாற்றுமா?" என்று வைத்தியரிடம் நேராகக் கேளுங்கள். கட்டி மிகச் சிறியதாகவும் தரம் 1 (கலங்கள் இயல்பானவற்றைப் பெரிதும் ஒத்தவை) ஆகவும் இருந்தால், பரிசோதனை இல்லாமலே அவர் கீமோவைத் தவிர்க்கக்கூடும். அப்படியென்றால் நகை அலுமாரியிலேயே இருக்கட்டும். தரம் 2, கலங்கள் பிரியும் வேகத்தைக் காட்டும் கே.ஐ.67 நடுத்தரம் என்று அறிக்கை இரண்டு பக்கமும் இழுத்தால் செலவுக்குப் பொருள் உண்டு. அப்போது தாமதிக்கவும் கூடாது, ஏனெனில் கீமோ தேவைப்பட்டால் சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று மாதத்தைக் கடத்துவது நல்லதல்ல.

அம்மா என்ன நினைக்கிறார் என்பது உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை வைத்தியரிடம் பேசும்போது அவரும் அருகில் இருக்கட்டும். எந்தப் புள்ளி வந்தாலும் கீமோவை ஏற்பதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தால், இந்தப் பரிசோதனைக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.