கிராம்பு எத்தனை என்று கேட்கும் முன், பழம் எங்கே கிடந்தது?

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் 14 ஆப்பிள் மரங்கள். இந்த முறை காய்ப்பு நன்றாக இருந்தும், அறுவடைக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பழம் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டது. வீணாகக் கூடாதே என்று பொறுக்கி, அழுகலை வெட்டி எறிந்துவிட்டு, மிக்ஸியில் அரைத்துத் துணியில் பிழிந்தேன். 6 லிட்டர் சாறு கிடைத்தது. மசாலா சைடர் செய்யலாம் என்று ஒரு லிட்டரில் மட்டும் பட்டைத் தூள், கிராம்புத் தூள், சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து, மிச்சம் 5 லிட்டரில் கலந்து பாட்டிலில் இறுக மூடினேன். பச்சைச் சாற்றின் மணம் போய்விடுமே என்று முழுவதையும் சூடாக்கவில்லை. நான்காம் நாள் ஒரு பாட்டில் வெடித்தது. மற்ற பாட்டில்களின் அடியில் வழவழவென்று கூழ் மாதிரி படிந்திருக்கிறது. குடித்தால் கசக்கிறது, நாக்கு மரத்துப்போகிறது. மருந்துக் கடைக்காரர் ஒரு வெள்ளைத் தூள் பொட்டலமும் சைடர் எசன்ஸ் என்று ஒரு புட்டியும் கொடுத்து, இவற்றைப் போட்டால் கெடவே கெடாது என்கிறார். போடலாமா? 6 லிட்டருக்குப் பட்டை, கிராம்பு எவ்வளவு? பழம் உதிராமல் இருக்க ஒரு மருந்தும் அடிக்கச் சொல்கிறார். மாடுகளை மரத்தடியிலேயே மேயவிடுவதால் களைச் செலவு எனக்கு இல்லை.

பதில்: தம்பி, முதலில் மிச்சமிருக்கும் பாட்டில்களைக் கவனியுங்கள். எடுத்துக் குலுக்காதீர்கள், வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்துப் பார்க்காதீர்கள். கையுறை போட்டு, தடித்த துணியைச் சுற்றி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மூடியைக் கால் திருகல், கால் திருகலாகத் திறங்கள். சீற்றம் அடங்கிய பிறகு அத்தனையையும் எருக்குழியில் கொட்டிவிடுங்கள். மாட்டுக்கு ஊற்ற வேண்டாம். பல வருடங்களுக்கு முன் என் சமையலறை அலமாரியிலும் ஒரு பாட்டில் ராத்திரியில் வெடித்தது. எதிர்ப்பக்கக் கதவில் விரல் நீளக் கண்ணாடிச் சில்லு குத்தி நின்றதைக் காலையில்தான் பார்த்தேன். வீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அதனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன்.

வெடித்ததற்குக் காரணம் நீங்கள் மிச்சம் வைத்த அந்த 5 லிட்டர் பச்சைச் சாறு. ஆப்பிள் தோலிலேயே ஈஸ்ட் இருக்கிறது. கொதித்த ஒரு லிட்டரில் செத்தது, மற்ற ஐந்தில் உயிரோடு இருந்தது. லிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை புளித்தாலே பீர் பாட்டிலில் இருக்கும் அளவு வாயு உண்டாகிவிடும். ஆப்பிள் சாற்றில் இயல்பாகவே லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல் சர்க்கரை. நீங்கள் அதற்கு மேலும் போட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் சைடர் என்றால் வடிகட்டாத, புளிக்காத சாறு. பிரிட்டனில் சைடர் என்றால் புளித்த மது. நீங்கள் செய்ய நினைத்தது முதலாவது. உங்கள் பாட்டிலுக்குள் நடந்தது இரண்டாவது, அதுவும் வாயு வெளியேற வழியில்லாமல்.

இனி பட்டை, கிராம்புக் கணக்கு. 6 லிட்டருக்கு விரல் நீளப் பட்டை 5 அல்லது 6, கிராம்பு 12, கட்டைவிரல் அளவு இஞ்சி, ஒரு ஆரஞ்சின் தோல் (உள்பக்க வெள்ளைச் சதை இல்லாமல்). எல்லாம் முழுசாக இருக்க வேண்டும். மெல்லிய துணியில் முடிந்து, ஓரத்தில் குமிழி கட்டும் சூட்டில் 20 நிமிடம், அதிகம் போனால் அரை மணி, அப்புறம் முடிச்சை வெளியே எடுத்துவிட வேண்டும். நாக்கு மரத்தது கிராம்பில் உள்ள யூஜினாலால். பல்வலிக்குக் கிராம்பு வைப்பது அதற்காகத்தானே. தூளாகப் போட்டால் அதைத் திரும்ப எடுக்க வழியில்லை, பாட்டிலுக்குள் நாள்கணக்கில் ஊறிக் கசப்பையும் இறக்கிக்கொண்டே இருக்கும். அடியில் படிந்த வழவழப்பில் பெரும்பங்கு பட்டைத் தூளுடையது, அது தண்ணீரில் ஊறினால் கோந்து மாதிரி ஆகும். அரைத்த பழத்தின் நைசான சக்கை துணியைத் தாண்டி வந்திருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும். அடிக்கடி குடிப்பதாக இருந்தால் தடித்த காசியா பட்டையை விட, சுருட்டு போல அடுக்கடுக்காகச் சுருண்ட மெல்லிய இலங்கைப் பட்டையை வாங்குங்கள். அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் கூமரின் என்ற பொருள் காசியாவில் அதிகம். என் வழக்கம், பாட்டிலில் வெறும் சாற்றை மட்டும் அடைப்பது. குடிக்கும் அன்று தேவையான அளவு ஊற்றி, அன்றைக்கே முடிச்சு போட்டுச் சூடாக்குவேன்.

ஆனால் தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது பட்டையைப் பற்றி அல்ல. தரையில் கிடந்த பழத்தைப் பாட்டிலுக்குள் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்க வேண்டும். கூடாது. மாடு மேயும் மரத்தடியில் கிடந்த பழம் கூடவே கூடாது. எனக்குத் தெரிந்த விவசாயிகள் பாதிப் பேர் இதில் என்னோடு சண்டை போடுகிறார்கள், பழத்தைக் கழுவினால் போதும் என்கிறார்கள். போதாது என்று நான் சொல்வதற்கு இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, சாணத்தில் வரும் ஈ.கோலை ஓ157 கிருமி. பால், இறைச்சியில் மட்டும்தான் அது வரும், ஆப்பிளின் புளிப்பில் பிழைக்காது என்று ஒரு காலத்தில் எல்லோரும் நினைத்தார்கள். 1991-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சூடாக்காத ஆப்பிள் சைடரைக் குடித்து 23 பேர் நோயில் விழுந்தார்கள். அந்தச் சாற்றைப் பிழிந்தவர் பக்கத்திலேயே மாடும் வளர்த்தார், பழத்தைக் கழுவவும் இல்லை. அதற்குப் பிறகு செய்த சோதனையில், குளிர்பெட்டியில் வைத்த சைடரில் அந்தக் கிருமி 20 நாள் உயிரோடு இருந்தது தெரிந்தது. 1996-ல் அதே நாட்டில் சூடாக்காத ஆப்பிள் சாற்றால் மறுபடி பரவி, ஒரு குழந்தை இறந்துபோனது. இந்தக் கிருமி சில குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைத்துவிடும். 71 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் சில நொடிகளில் செத்துவிடும் அது. பச்சை மணத்துக்காக நீங்கள் விட்டுவைத்தது அந்தச் சூட்டை.

இரண்டாவதற்குச் சூடும் உதவாது. தரையில் அடிபட்ட பழத்தில் பெனிசிலியம் எக்ஸ்பான்சம் என்ற நீலப் பூஞ்சை ஏறும். ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளிர்பழுப்பில், தண்ணீர் கோத்தது மாதிரி ஒரு வட்டம் இருக்கும். விளிம்பு கோடு போட்டதுபோல் தெளிவாக இருக்கும். ஸ்பூனை விட்டால் அழுகல் மட்டும் கூம்பு வடிவில் கழன்று வரும், கீழே வெள்ளையாக நல்ல சதை தெரியும். நடுவில் முதலில் வெள்ளையாகவும் பிறகு நீலப்பச்சையாகவும் பொடி பூக்கும், பழைய மண்பானைக்குள் மூக்கை விட்ட மாதிரி ஒரு மக்கல் வாடை வரும். அப்படிக் கழன்று வருவதால்தான் வெட்டி எறிந்துவிட்டோம் என்று நம்பிக்கை வந்துவிடுகிறது. இந்தப் பூஞ்சை சுரக்கும் பட்டுலின் என்ற நச்சு, அழுகல் தெரியும் இடத்தைத் தாண்டியும் போயிருக்கும். கொதிக்கவைத்தாலும் பெரும்பகுதி அப்படியே நிற்கும். ஆப்பிள் சாற்றில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று பல நாடுகள் வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இதை அளக்க உங்களிடமும் கருவி இல்லை, என்னிடமும் இல்லை. சந்தேகப் பழத்தை முழுசாக ஒதுக்குவது ஒன்றுதான் நம் கையில் இருப்பது. வெளியே மாசில்லாமல் இருந்து உள்ளே விதையறையில் பூஞ்சணம் பிடித்த பழமும் உண்டு. அதனால் பறித்த பழத்தையும் குறுக்கே இரண்டாக வெட்டி, நடு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுத்தான் அரைக்க வேண்டும்.

மாடு மேய்வதை நான் குறை சொல்லவில்லை. களையும் தீரும், எருவும் விழும். காலக்கெடு மட்டும் வேண்டும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் பச்சைச் சாணம் இட்டதற்கும் அறுவடைக்கும் 90 நாள் இடைவெளி வேண்டும், விளைபொருள் மண்ணைத் தொடுமானால் 120 நாள். மேயும் மாடு போடுவதும் பச்சைச் சாணம்தானே? இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்ததும் மாட்டை வெளியேற்றிவிடுங்கள். கடைசி மாதங்களில் புல்லைக் கையால் அறுத்துக் கொண்டுபோய்ப் போடலாம்.

பழம் ஏன் கொட்டியது என்று கடைக்காரர் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். உதிராமல் இருக்க அவர் சொல்லும் மருந்து பெரும்பாலும் என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியாக இருக்கும். காம்பைச் சில நாள் பிடித்து வைப்பது அதன் வேலை. புழு தின்ற பழத்தை மரத்திலேயே தொங்கவைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? விழுந்த பழத்தை வெட்டுங்கள். துளை வாயில் மரத்தூள் மாதிரி எச்சமும், விதைவரை சுரங்கமும் இருந்தால் அது கோட்லிங் அந்துப்பூச்சியின் புழு. அப்படி விழுவதை அன்றாடம் பொறுக்கி அழிக்க வேண்டும், விட்டால் உள்ளிருக்கும் புழு வெளியேறி அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். துளை இல்லை, விதை நன்றாகப் பழுப்பேறியிருக்கிறது என்றால் நீங்கள் பறிக்கத் தாமதித்திருக்கிறீர்கள். உங்கள் தோட்டத்தில் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். கடைசி இரண்டு வாரத்தில் ஒரேயடியாகக் கொட்டியது அப்படித்தான் காட்டுகிறது. குறுக்கே வெட்டிய பழத்தின் முகத்தை அயோடின் கரைசலில் ஒரு நிமிடம் வையுங்கள். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். பழுக்கப் பழுக்க நடுவிலிருந்து வெளிநோக்கி வெளுத்துக்கொண்டே வரும். பாதி வெளுத்ததும் பறிக்கத் தொடங்கிவிடலாம். சோதித்த பழத்தைத் தின்ன வேண்டாம்.

வெள்ளைத் தூள் சோடியம் பென்சோவேட்டாகவோ பொட்டாசியம் சார்பேட்டாகவோ இருக்கலாம். இரண்டும் உணவில் அனுமதிக்கப்பட்டவைதான். பெயரும் அளவும் அச்சிடாத பொட்டலத்தில் எது வந்தாலும் வாயில் போகிற பொருளில் போடாதீர்கள், அதுவும் பூச்சிமருந்து நிறுக்கும் தராசில் நிறுத்தது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சுத்தமான சரக்கே என்றாலும், பெருகிவிட்ட ஈஸ்டை இந்தத் தூள்கள் கொல்லாது, பட்டுலினைத் தொடவே தொடாது. முன்பு சொன்ன சோதனையில் 0.1 சதவீதம் பென்சோவேட் சேர்த்தபோது ஈ.கோலை கிருமி தாங்கியது 7 நாளுக்கும் குறைவு. அத்தனை நாள் எதற்குக் காத்திருக்க வேண்டும், அடுப்பு இருக்கும்போது? எசன்ஸைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பழம் வைத்திருப்பவருக்கு அது வேண்டாம். கெட்ட பழத்தின் வாடையை அது மறைத்துவிடும் என்பதுதான் எனக்குக் கோபம். மூக்கு ஒன்றுதான் நமக்கு இருக்கும் காவல்.

அடுத்த காய்ப்புக்கு இப்படிச் செய்யுங்கள். பறித்த பழத்தை நிழலில், காற்றோட்டமாக, ஒன்றின்மேல் ஒன்று நசுங்காமல் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பரப்பி வையுங்கள். மிச்ச மாவுச்சத்து இனிப்பாக மாறும், பெருவிரலால் அழுத்தினால் லேசாகக் குழியும். புளிப்பு ரகம் ஒன்று, இனிப்பு ரகம் ஒன்றாவது கலந்தால்தான் சுவை நிற்கும், இனிப்பு மட்டும் என்றால் சப்பென்று இருக்கும். பிழிந்த சாற்றை ஒரு ராத்திரி குளிர்பெட்டியில் தெளியவிட்டு மேலாக இறுத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் 85 டிகிரிக்கு ஏற்றுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால்தான் நீங்கள் பயந்த மாதிரி மணம் போகும். அந்தச் சூட்டிலேயே சுடுநீரில் வைத்திருந்த கண்ணாடி ஜாடிகளில் விளிம்புக்குக் கால் அங்குலம் விட்டு ஊற்றி மூடி, கொதிக்கும் தண்ணீருக்குள் முழுக வைக்க வேண்டும். ஒரு லிட்டர் வரையுள்ள ஜாடிக்கு 5 நிமிடம் போதும். இடம் கடல்மட்டத்திலிருந்து 1,000 அடிக்கு மேல் இருந்தால் 10 நிமிடம், 6,000 அடியைத் தாண்டினால் 15. திறந்த ஜாடியைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மரத்தடியில் இப்போதும் பழம் கிடக்கும். பத்தை எடுத்துக் குறுக்கே வெட்டி, எத்தனையில் புழுத்துளை, எத்தனையில் விதை பழுப்பேறியிருக்கிறது, எத்தனையில் விதையறை பூஞ்சணம் என்று மூன்று எண்ணிக்கையையும் எனக்கு எழுதுங்கள். எந்த ரகம், எந்தத் தேதியில் பறிக்கத் தொடங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்த முறை எப்போது ஏணியை எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.