பச்சைக்கறி தின்னும் நாய்க்குப் பூச்சி மருந்து: வாசகர் கேள்விகள்

கேள்வி: சிப்பிப்பாறை நாய், 22 கிலோ. கறிக்கடையில் ஆட்டு ஈரல், நுரையீரல் வாங்கிப் பச்சையாகவே போடுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை போதாதா? (பாளையங்கோட்டை)

பதில்: சோறும் வெந்த கறியும் தின்கிற நாய்க்குப் பொதுவாகப் போதும். உங்கள் நாய்க்குப் போதாது. ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி இருந்தால், அதற்குள் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம் பருவம் இருக்கும். நாய் அதைத் தின்ற பிறகு, புழு முற்றி முட்டை போட ஆறேழு வாரம் ஆகும். அதற்குள் மருந்து உள்ளே போயாக வேண்டும். ஆகவே ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிராசிகுவாண்டல், கிலோவுக்கு 5 மி.கி. வீதம் கொடுங்கள். 22 கிலோவுக்கு 110 மி.கி. வருகிறது. 10 கிலோவுக்கு ஒன்று என்று விற்கும் கூட்டு மாத்திரைகளில் வழக்கமாக 50 மி.கி. இருக்கும், அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இரண்டு பற்றாது, இரண்டரை வேண்டும். எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஒல்லி நாய் என்று குறைத்துப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இந்தப் புழு சில மில்லிமீட்டர் நீளம்தான். மலத்தில் கண்ணுக்குத் தட்டாது, நாயும் துள்ளிக்கொண்டே இருக்கும். ஆபத்து வீட்டில் உள்ளவர்களுக்குத்தான். நாயின் முடியில் ஒட்டிய முட்டை கைவழியே வாய்க்குப் போனால் மனிதரின் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளரும். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. மருந்து கொடுத்து இரண்டு நாள்வரை மலத்தைக் கையுறை போட்டு எடுத்து, எரியுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள்.

எங்களைக் கேட்டால், ஈரலையும் நுரையீரலையும் துண்டுபோட்டு அரைமணி நேரம் கொதிக்க வைத்துவிடுங்கள். "நல்ல ஈரல்தான்" என்று கடைக்காரர் சொல்வதில் அர்த்தமில்லை. கட்டி உள்ளே புதைந்திருக்கும்.

கேள்வி: ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால்? (அம்பாசமுத்திரம்)

பதில்: மைனஸ் 18 முதல் 20 டிகிரியில் பத்து நாள் இருந்தால் கட்டி செத்துவிடும். ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியை நம்ப முடியாது, கரண்ட் போனால் இன்னும் மோசம். சால்மோனெல்லா கிருமி ஃப்ரீசர் குளிரிலும் தப்பிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: கோயில் கொடைக்குக் கிடா வெட்டிய இடத்தில் எங்கள் நாய் குடலும் ஈரலும் தின்றுவிட்டது. அன்றைக்கே மாத்திரை கொடுக்கலாமா? (களக்காடு)

பதில்: அன்றே கொடுத்துவிட்டு முடிந்தது என்று இருக்காதீர்கள். பிராசிகுவாண்டல் உடம்பில் தங்காது, ஓரிரு நாளில் வெளியேறிவிடும். கொடை நாளிலிருந்து எண்ணி, ஐந்தாம் வாரம் கொடுங்கள். அடுத்த கொடைக்கு நாயைக் கட்டிப்போடுங்கள். கழிவைக் குழியில் புதைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தெருநாய்கள் தின்னும்.

கேள்வி: மலவாயில் அரிசி மாதிரி நெளிகிறது. கறியால் வந்ததா? (வள்ளியூர்)

பதில்: பெரும்பாலும் இல்லை. அது டிபிலிடியம் என்ற வேறொரு நாடாப்புழு, தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்குவதால் வருவது. இதற்கும் பிராசிகுவாண்டல்தான். ஆனால் தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் மூன்று வாரத்தில் மறுபடி நெளியும். படுக்கைச் சாக்கை மாற்றுங்கள்.

கேள்வி: மலப் பரிசோதனை செய்து பார்த்துவிட்டு மருந்து கொடுத்தால் போதுமா? (சங்கரன்கோவில்)

பதில்: கொக்கிப்புழுவுக்கு நல்ல வழி. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். மலம் அன்றைய மலமாக இருக்கட்டும். நாடாப்புழு விஷயத்தில் முட்டை தெரியாவிட்டால் புழு இல்லை என்று சொல்ல முடியாது. தெரிந்தாலும் எக்கினோகாக்கஸ் முட்டையும் டீனியா என்ற இன்னொரு நாடாப்புழுவின் முட்டையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலவே இருக்கும். பச்சை உறுப்பு தின்னும் நாய்க்கு ஆறு வாரக் கணக்கை விடாதீர்கள்.

கேள்வி: குட்டிக்கு எப்போது? (கடையம்)

பதில்: 2, 4, 6, 8 வாரங்களில் பைரண்டல் (வட்டப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் ஆன மருந்து), பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒருமுறை. தாய்க்கும் கூடவே. வட்டப்புழு கருவிலேயே தொற்றும், கொக்கிப்புழு பாலில் வரும்.

கேள்வி: வீட்டில் இருக்கிற அல்பெண்டசோல், இல்லையென்றால் பூண்டு? (தென்காசி)

பதில்: இரண்டும் வேண்டாம். அல்பெண்டசோல் நாயின் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கலாம். பூண்டு சிவப்பணுக்களை உடைக்கும், புழுவை ஒன்றும் செய்யாது.