நொதியால் கட்டும் மருத்துவப் பலபடிகள்: கேள்வி பதில்

உடலுக்குள் கரைந்துவிடும் தையல் நூல், மருந்தைச் சிறிது சிறிதாக விடும் உறை போன்றவற்றுக்கான பாலியெஸ்டர்களை நொதியைக் கொண்டு உருவாக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். லைபேஸ்தான் நான் கையாண்டு பழகிய நொதி. மற்றவற்றுக்குச் சுருக்கமாகவே விடை இருக்கும்.

கேள்வி: லைபேஸ் கொழுப்பைச் சிதைப்பது என்றுதானே படித்தோம். அது எப்படிப் பலபடியைக் கட்டும்?

பதில்: சிதைப்பதா கட்டுவதா என்பதைச் சுற்றியுள்ள தண்ணீரின் அளவே தீர்மானிக்கிறது. கேண்டிடா அண்டார்க்டிக்கா லைபேஸ் பி என்னும் நொதியில் 105ஆம் இடத்திலுள்ள செரின், கேப்ரோலாக்டோன் என்னும் வளைய எஸ்டரின் வளையத்தைத் திறந்து அந்தத் துண்டைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. அதை வாங்கிக்கொள்ள வருவது தண்ணீரானால் வெறும் ஹைட்ராக்சி அமிலம் கிடைக்கும். வளரும் சங்கிலியின் ஆல்கஹால் முனை வந்தால் சங்கிலி ஒரு கண்ணி நீளும். 1993இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைச் செய்து காட்டின.

கேள்வி: 70 டிகிரி சூட்டில், டொலுயீன் என்னும் கரைப்பானில் நொதி செத்துவிடாதா?

பதில்: அக்ரிலிக் மணிகளின்மேல் படியவைத்த இந்த நொதி அந்தச் சூட்டைத் தாங்கும்.

கேள்வி: நான் செய்த பலபடியின் மூலக்கூறு நிறை 5,000ஐத் தாண்டவில்லை. நொதியைக் கூட்டலாமா?

பதில்: கூட்டினால் இன்னும் குறையலாம், ஏனெனில் மணிகளும் ஈரத்தைச் சுமந்து வருகின்றன. ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறும் ஒரு புதிய சங்கிலியைத் தொடங்கிவைக்கக்கூடியது. 100 கிராம் கேப்ரோலாக்டோனில் 0.1 கிராம் தண்ணீர் இருந்து, அது முழுவதும் அவ்வாறு செலவானால், சராசரி நிறை ஏறத்தாழ 18,000 அளவில் நின்றுவிடும். ஆகவே கேப்ரோலாக்டோனைக் கால்சியம் ஹைட்ரைடின்மேல் வைத்துக் காய்ச்சி வடியுங்கள். மணிகளை வெற்றிடத்தில் உலர்த்துங்கள். ஆனால் நொதியோடு ஒட்டியிருக்கும் சிறிதளவு நீரையும் பறித்துவிட்டால் அது வேலை செய்யாது என்பதால், உலர்த்துவதிலும் அளவு வேண்டும்.

கேள்வி: லாக்டிக் அமிலத்தின் இடக்கை வடிவ வளையமான எல்-லாக்டைடு ஏன் வினைபுரிய மறுக்கிறது?

பதில்: சங்கிலியின் முனையிலுள்ள இரண்டாம்நிலை ஆல்கஹால் இடக்கை வடிவம் கொண்டது, இந்த நொதியின் பள்ளம் வலக்கை வடிவத்தையே விரும்புகிறது. வலக்கை வடிவமான டி-லாக்டைடு வளர்வதும் அதனால்தான்.

கேள்வி: பாலிகிளாக்டின் 910 என்னும் கரையும் தையல் நூல் 1974இல் வந்தது. டின் (வெள்ளீயம்) சேர்மங்களை வினையூக்கியாகக் கொண்டு செய்த நூல்கள் அரை நூற்றாண்டாக நோயாளிகளின் உடலில் கரைந்துகொண்டிருக்கின்றன. பிறகு எதற்கு இத்தனை விலையுள்ள நொதி?

பதில்: நியாயமான கேள்வி. தையல் நூலுக்கு மட்டும் என்றால் உங்கள் கட்சியே வலுவானது.

கேள்வி (வேறொருவர்): டின் நஞ்சு, நொதி இயற்கையானது. இதில் வாதமென்ன?

பதில்: பாம்பின் விஷமும் இயற்கையானதுதான். பொருளில் எஞ்சியிருப்பது எது, எவ்வளவு என்பதை அளந்துவிட்டுப் பேசுவோம்.

கேள்வி (டின் பற்றிக் கேட்டவர்): அளந்தால் உங்கள் மணியிலிருந்து கழன்று வந்த புரதமும் பொருளில் தெரியுமே?

பதில்: தெரியும், மறுக்கவில்லை. பெரும்பாலான மணிகளில் நொதி வேதிப்பிணைப்பின்றி வெறுமனே ஒட்டியிருப்பதால் கழல்கிறது, அந்நியப் புரதம் உடலில் ஒவ்வாமையைத் தூண்டவும் கூடும். நான் நொதியின் பக்கம் நிற்பதற்குக் காரணம் தூய்மையல்ல, அதன் தேர்ந்தெடுக்கும் திறன். சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹாலில் ஆறு ஹைட்ராக்சில்கள் (ஆல்கஹால் முனைகள்) உண்டு. சாதாரண வினையூக்கி ஆறையும் பிடித்து வலையாக்கிவிடும்; அதைத் தடுக்க நான்கை மூடிவைத்து, பிறகு திறக்க வேண்டும். லைபேஸோ பெரும்பாலும் இரு முனைகளை மட்டும் பிடித்து, நடுவிலுள்ளவற்றை மருந்தை இணைக்க விட்டுவைக்கிறது. பென்டாடெக்கனோலைடு போன்ற பெரிய வளையங்களில் டின் தடுமாறுகிறது; லைபேஸ் அவற்றைச் சிறிய வளையங்களைவிட வேகமாகவே திறக்கிறது.

கேள்வி: பாக்டீரியாவில் வளரும் பாலியெஸ்டரும் இதுதானா?

பதில்: அங்கே நொதி செல்லுக்குள் வேலை செய்கிறது. அவ்வகைப் பாலியெஸ்டரான பாலி-4-ஹைட்ராக்சிபியூட்டிரேட்டில் செய்த தையல் நூலுக்கு 2007இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஈ.கோலையில் வளர்த்தால் அந்தப் பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்னும் நச்சை அகற்றியாக வேண்டும். அதன் பொதுவான வரம்பு மருத்துவக் கருவி ஒன்றுக்கு 20 எண்டோடாக்சின் அலகு, மூளைத் தண்டுவட நீரைத் தொடும் கருவிக்கு 2.15 அலகு.

கேள்வி: பாலிகேப்ரோலாக்டோனைக் கிருமி நீக்க, நீராவி அழுத்தக் கலனான ஆட்டோகிளேவில் வைக்கலாமா?

பதில்: 60 டிகிரியில் உருகுவதை 121 டிகிரியில் வைத்தால் என்ன மிஞ்சும்? கிருமி நீக்கும் வாயுவான எத்திலீன் ஆக்சைடைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என் தாயாருக்குப் போட்ட தையல் இன்னும் கரையவில்லை.

பதில்: தையல் போட்ட மருத்துவரிடம் காட்டுங்கள், அது எனக்குரிய கேள்வியன்று.

கேள்வி: எனக்கும் மூலக்கூறு நிறை ஏறவில்லை. என்ன காரணம்?

பதில்: தண்ணீர். மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எல்லாவற்றையும் உலர்த்தினேன், காந்தக் கோலால் இரவு முழுவதும் கலக்கினேன். காலையில் பால்போல் கலங்கியிருந்தது; வடிகட்டியும் தெளியவில்லை. குளிர்ந்த மெத்தனாலில் ஊற்றினால் நூல் நூலாக வெள்ளையாகவே வருகிறது. இதைச் செல் ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காந்தக் கோல் குடுவையின் அடியில் மணிகளை அரைத்து மாவாக்கிவிட்டது. அந்த மாவு வடிதாளைக் கடந்து உங்கள் வெள்ளை நூலுக்குள் நொதியோடு உட்கார்ந்திருக்கிறது. டின் நண்பர் கேட்ட புரதம் அதுதான். மேலிருந்து இறங்கும் துடுப்பால் மெதுவாகக் கலக்கி, முதலிலிருந்து செய்யுங்கள்.