பழைய ஃப்ளாட்டை விற்கும் முன் பாத்ரூமைப் புதுப்பித்தால் கூடுதல் விலை கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் இருபது வருடப் பழைய இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டை விற்கப் போகிறார். மூன்று லட்சம் போட்டு பாத்ரூமை ஹோட்டல் பாத்ரூம் மாதிரி மாற்றிவிட்டால் அந்தக் காசு விலையில் திரும்ப வருமா என்கிறார்.

அழகுக்காகப் போடும் காசு பெரும்பாலும் வராது. ஆனால் ஒழுகும் பாத்ரூமோடு விற்கப் போனால், ரிப்பேர் செலவைவிட இரண்டு மூன்று மடங்கு விலையில் அடிபடும். எங்களுக்கு அதுதான் நடந்தது.

சென்னை மடிப்பாக்கத்தில் அப்பா வாங்கிய ஃப்ளாட், முதல் மாடி, 1998ல் கட்டியது. 2022ல் விற்பதற்கு முன் வீடு முழுக்க பெயிண்ட் அடித்து, பாத்ரூமில் புது வாஷ்பேசினும் பெரிய கண்ணாடியும் மாட்டி வைத்திருந்தேன். 48 லட்சம் சொன்னோம். பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் பையனும் மருமகளும் ஹால், கிச்சன், பால்கனி என்று சுற்றிக்கொண்டிருக்க, பையனுடைய அம்மா மட்டும் நேராக பாத்ரூமுக்குள் போனார். பக்கெட்டிலிருந்து மூன்று மக் தண்ணீரை எடுத்துத் தரையில் ஊற்றிவிட்டு அது எங்கே போகிறது என்று பார்த்தபடி நின்றார். "வாட்டம் சரியில்லப்பா, இந்த மூலையில நிக்குது பாரு" என்றார். அப்புறம் பெட்ரூமுக்கு வந்து, பாத்ரூமை ஒட்டிய சுவரில் முட்டி உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பெயிண்ட் அடித்து இரண்டு மாதம்கூட ஆகாத சுவர், அந்த இடம் மட்டும் ஜில்லென்று இருந்தது, நகத்தால் தொட்டதும் புட்டி பொடியாக உதிர்ந்தது. மறுநாள் புரோக்கர் போன் செய்து 44 என்றால் வாங்கிக்கொள்வார்களாம் என்றார். கண்ணாடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பழைய கட்டடங்களில் பாத்ரூம் தளத்தை மற்ற இடத்தைவிடத் தாழ்த்திப் போட்டு, அந்தப் பள்ளத்தில் கழிவுக் குழாய்களை ஓட்டி, செங்கல் உடைசலை நிரப்பி மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். நம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், கறை போக வேண்டுமென்று வருடக்கணக்காக ஆசிட் ஊற்றித் தேய்ப்போம், அது கறையோடு சேர்த்து டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டையும் அரித்துவிடும். அந்த இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் பள்ளத்தில் தேங்கி, நிறைந்த பிறகு பெட்ரூம் சுவரில் ஓதமாக ஏறும், இல்லையென்றால் கீழ் வீட்டு மேல்தளத்தில் சொட்டும். இதற்கு மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தும் பிரயோஜனமில்லை.

பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டித் தருகிறேன், இரண்டு நாள் வேலை என்று சொல்லும் கொத்தனாரிடமும் ஜாக்கிரதையாக இருங்கள். கசிவு உள்ளே அப்படியே இருக்கும், தரையும் உயர்ந்து பெட்ரூம் மட்டத்துக்கு வந்துவிடும், ஒருநாள் நானி ட்ராப் (தரைத் தண்ணீர் வெளியேறும் துவாரம்) அடைத்துக்கொண்டால் தண்ணீர் கட்டிலுக்கடியில் வந்து நிற்கும்.

நாங்கள் அந்த 44க்குக் கொடுக்கவில்லை. இரண்டு பாத்ரூமையும் தளம் வரை உடைத்து, ஈரமான உடைசலை அள்ளிப் போட்டுவிட்டு, துருப்பிடித்த ஜிஐ இரும்புக் குழாய்களை சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்களாக மாற்றி, வாட்டர் ப்ரூஃபிங் செய்தோம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நானி ட்ராப்பை அடைத்துத் தண்ணீர் தேக்கி 48 மணி நேரம் விட்டோம். இந்தச் சோதனையை மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள், கீழே ஒரு சொட்டு இறங்கினாலும் அப்போதே தெரிந்துவிடும். வழுக்காத மேட் டைல்ஸ், இடுக்குகளை அடைக்க சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி, கீசருக்கு ஒழுங்கான 16 ஆம்பியர் பாயிண்ட், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அவ்வளவுதான். மொத்தம் 1,70,000 ஆனது. 47க்கு விற்றோம்.

குழாய்களில் வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்பையும் எடுத்துவிடுங்கள், முடியாவிட்டால் சாதாரண விலையில் புதுக் குழாய் மாட்டுங்கள். 2019 கோடையில் தண்ணீரில்லாமல் சென்னை பட்ட பாட்டுக்குப் பிறகு வீடு பார்க்க வருகிறவர்கள் பலர் முதலில் தண்ணீரைத்தான் கேட்கிறார்கள், அதற்குப் பதிலை குழாய் முனையிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

மழைபோலக் கொட்டும் ஷவர், பாத் டப், சுவரில் தொங்கும் க்ளோசெட் இதெல்லாம் நீங்கள் குடியிருந்து அனுபவிப்பதற்கானால் தாராளமாகப் போடுங்கள், விலைக்காகப் போடாதீர்கள். வங்கிக் கடனுக்காக மதிப்புப் போட வருகிறவர் பிரிபடாத மனைப் பங்கு (கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் ஃப்ளாட்டுக்கு உள்ள பங்கு), பரப்பளவு, கட்டடத்தின் வயது இவற்றை வைத்துத்தான் கணக்குப் போடுவார், ஷவரின் விலை அதில் வராது. பழைய வீட்டில் இரண்டுமே இந்தியன் டாய்லெட்டாக இருந்தால் ஒன்றையாவது வெஸ்டர்ன் ஆக்குங்கள், முட்டி வலி உள்ள பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு கைப்பிடிக் கம்பி மாட்ட ஆகும் செலவு சொற்பம்.

இரண்டு பெட்ரூமுக்கு ஒரே பாத்ரூம்தான் என்றால் விலை குறைவது உண்மைதான். அதற்காக ஸ்டோர் ரூமை பாத்ரூம் ஆக்காதீர்கள். அதற்கு நேர் கீழே அடுத்தவர் சமையலறையோ பூஜை அறையோ இருக்கும், அசோசியேஷனில் சண்டை வரும், அந்தச் சண்டை வாங்க வருகிறவர் காதுக்கும் போகும். ஈசானிய மூலையில் டாய்லெட் இருந்தால் புரோக்கரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாஸ்து பார்க்கிறவர்கள் எப்படியும் வாங்க மாட்டார்கள், எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

வேலை நடக்கும்போது உடைத்த தளம், புதுக் குழாய், தேங்கிய தண்ணீர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள், பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். டைல்ஸ் மூடிய பிறகு உள்ளே என்ன செய்தீர்கள் என்று காட்ட வேறு வழியில்லை. நான் கீழ் வீட்டு மாமியிடமும் சொல்லி வைத்திருந்தேன். எங்கள் கசிவால் நாலு வருடம் அவஸ்தைப்பட்டவர் அவர், ரிப்பேர் முடிந்ததும் அவர் வீட்டு மேல்தளத்துக்கும் நாங்களே பெயிண்ட் அடித்துக் கொடுத்திருந்தோம். கடைசியில் வாங்கியவர் மாமி வீட்டுக்குள் போய், ஸ்டூல் போட்டு ஏறி, அந்த மேல்தளத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தார்.