குளத்து மண்ணை இலவசமாக அள்ளித் தருகிறார்களாம்: ஊருக்கான திட்டத்தை எங்கே தொடங்குவது?

கேள்வி: திருகோணமலை மாவட்டம், குச்சவெளிப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள மீள்குடியேற்றக் கிராமம் எங்களுடையது. யுத்த காலத்தில் கைவிடப்பட்ட குளத்தின் கட்டு இரண்டு இடங்களில் உடைந்து கிடக்கிறது. வயல் செய்ய வழியில்லாததால் இளைஞர்கள் ஊரை விட்டுப் போகிறார்கள். எமது கிராம அபிவிருத்திச் சங்கம் ஊருக்கு ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தயாரிக்க விரும்புகிறது. ஒரு தொகை கொடுத்தால் திட்ட அறிக்கை எழுதி நிதியும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அவர் அழைத்து வந்த ஒப்பந்தக்காரர், சங்கம் ஒரு கடிதம் தந்தால் குளத்தை இலவசமாகத் தூர்வாரித் தருவதாகவும், மண்ணை மட்டும் தாம் எடுத்துக்கொள்வதாகவும் கூறுகிறார். சம்மதிக்கலாமா?

பதில்: கடிதத்தைக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், அதை மீளப் பெறுவதாக எழுத்தில் அறிவித்து, அதன் பிரதியைப் பிரதேச செயலாளருக்கும் கமநல சேவை நிலையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்; குளம் போய்விட்டால் அந்தத் திட்டத்தில் எழுதுவதற்கு அதிகம் மிஞ்சாது.

இந்த மாவட்டத்தில் இத்தகைய கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவைதான். ‘மேற்படி குளத்தைத் தூர்வாருவதற்கு எமது சங்கத்துக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை’ என்று ஒற்றை வசனம் இருக்கும். கீழே தலைவர், செயலாளர் கையொப்பமும் சங்கத்தின் முத்திரையும் இருக்கும். எத்தனை அடி ஆழம், எத்தனை கியூப் மண், குளத்தின் எந்தப் பக்கம், எந்தத் திகதியோடு வேலை முடியும் என்பவற்றில் ஒன்றுகூட இராது. குளத்தின் அடியில் காலங்காலமாகப் படிந்த நுண்ணிய களிப்படைதான் நீரை நிலத்துக்குள் இறங்க விடாமல் தாங்குகிறது. ஒப்பந்தக்காரருக்கு அந்தத் தூரால் பயன் குறைவு. அவருக்கு வேண்டியது அதற்குக் கீழே கிடக்கும் கிரவலும் மணலும். ஆகவே பெக்கோ இயந்திரம் களிப்படையைத் துளைத்துக்கொண்டு இறங்கும். அதுவும் டிப்பர் வந்து திரும்ப வசதியான இடமென்று குளக்கட்டின் அடிவாரத்திலேயே தோண்டும். அடுத்த மாரியில் குளம் நிறைந்தாலும் நீர் தங்காது, அடிவாரம் பலவீனமான கட்டும் நிலைக்காது.

ஆழமாகத் தோண்டினால் கூடுதலாக நீர் நிற்குமே என்று உங்கள் கூட்டத்தில் யாரேனும் கேட்பார்கள். துருசின், அதாவது குளத்து நீரை வயலுக்கு விடும் மதகின், அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய கிடங்கில் நிற்கும் நீர் துருசு வழியாக வெளியேற முடியாது. அது மாடுகள் குடிக்க உதவலாம், வயலுக்கு வராது. மண் ஏற்ற வருபவர் துருசு மட்டத்தைக் குறித்து ஒரு கேள்வியும் கேட்காவிட்டால் அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

உங்கள் சங்கத்துக்கு அந்த மண்ணைக் கொடுக்க அதிகாரமும் இல்லை. 80 ஹெக்டெயருக்கு, அதாவது ஏறக்குறைய 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் குளங்கள் சிறிய குளங்களாகக் கொள்ளப்பட்டுக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. உங்களுடையதும் அத்தகையதாகவே இருக்க வேண்டும். அங்கே விவசாயிகளின் குரலாகச் சட்டம் ஏற்றுக்கொள்வது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவுசெய்த கமக்காரர் அமைப்பைத்தான். கிராம அபிவிருத்திச் சங்கத்தை அல்ல. இரண்டிலும் அதே மனிதர்கள்தாம் இருப்பார்கள், அதே மரத்தடியில்தான் கூடுவார்கள், ஆனால் முத்திரை வேறு என்பதால் கோப்பு நகராது. அபத்தம்தான்; எனினும் இந்த முறைமையோடு சண்டையிடுவதைவிடக் கமக்காரர் அமைப்பைப் பதிவு செய்துவிடுவது விரைவான வழி. இடைத்தரகர் உத்தியோகத்தரிடம் போகாமல் உங்களிடம் வருவதற்கும் காரணம் இதுதான். பொறுப்புள்ள உத்தியோகத்தர் கையொப்பமிடமாட்டார். ஊர்ச் சங்கம் நல்லெண்ணத்தில் இட்டுவிடும். பிறகு சிக்கல் வந்தால் ஊர் கேட்டதால்தான் செய்தேன் என்று ஒப்பந்தக்காரர் உங்கள் கடிதத்தையே காட்டுவார்.

வனத் திணைக்களம் எல்லையிட்ட குளங்கள் என்ற ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குச்சவெளிப் பக்கத்தில் பலருடைய முயற்சி இதில்தான் முட்டி நிற்கிறது. மக்கள் இல்லாத காலத்தில் வயலிலும் குளத்திலும் பற்றைக்காடு வளர்ந்துவிட்டது. பின்னர் வனப் பாதுகாப்புத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டிவிட்டது. கல் நாட்டப்பட்ட நிலமெல்லாம் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட ஒதுக்குக்காடு என்று எண்ணிவிடாதீர்கள். வர்த்தமானியில் வந்ததும் உண்டு. வராமல் அரச காடு என்ற பொதுப் பெயரில் திணைக்களம் வைத்திருப்பதும் உண்டு. முதலாவதாயின், விடுவிப்பும் வர்த்தமானி வழியாகவே வர வேண்டும், அதற்கு ஆண்டுகள் செல்லலாம். எனவே அந்தக் குளத்தை நம்பி ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதக் கூடாது. இரண்டாவதாயின், பிரதேச செயலாளர் ஊடாகக் கேட்க இடமுண்டு. எது என்பதை அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், வர்த்தமானி இலக்கத்தையும் எல்லை வரைபடத்தையும் தருமாறு திணைக்களத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தைச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் மேன்முறையீடு செய்யலாம். இதற்கிடையில் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடத்தில் உங்கள் ஊர்த் தாளைத் தேடி எடுங்கள். அதில் குளமும் வயலும் குறிக்கப்பட்டிருந்தால், அங்கே செய்கை நடந்தது என்பதற்கு அரசின் கையாலேயே வரைந்த சான்று அது. கமநல சேவை நிலையத்துக் காணிப் பதிவேட்டில் உங்கள் பாட்டன், பூட்டன் பெயர்கள் இருந்தால் அந்தப் பக்கத்தின் பிரதியையும் சேர்த்துவையுங்கள். ‘வெட்டுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எவர் வாய்மொழியாகச் சொன்னாலும் ஒரு பற்றையையும் தொடாதீர்கள். வழக்கு வரும்போது சொன்னவர் இடமாற்றம் பெற்று வேறு மாவட்டத்தில் இருப்பார்.

இனி, அறிக்கை எழுதித் தருபவர். நிதி எடுத்துத் தருவதாக முன்பணம் கேட்பவரிடம் நிதி ஒதுக்கும் அதிகாரம் எதுவும் இல்லை. அவர் தரும் அறிக்கையின் உள்ளே வேறொரு ஊரின் பெயர் அழிக்கப்படாமல் கிடப்பதைக்கூடக் காணலாம். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போக வேண்டிய விடயத்துக்கு அலங்காரமான அறிக்கை தேவையில்லை. கட்டு எங்கே எவ்வளவு நீளத்துக்கு உடைந்தது, எத்தனை ஏக்கர் பாயும், எத்தனை குடும்பங்கள் செய்யும், துருசும், மிகைநீர் வழிந்தோடும் கலிங்கும் எந்த நிலையில் உள்ளன என்பவற்றை இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதினால் போதும். அவருக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் தகுதியுள்ள அளவையாளர் ஒருவரைக் கொண்டு மட்ட அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் குளத்தின் மிகைநீர் கீழே இருக்கும் குளத்துக்கு வரும் தொடர்குள நாடு இது. கலிங்கைச் சற்று உயர்த்தினால் மேல் ஊரின் வயல் மூழ்கும், உங்கள் கட்டுக்கும் ஆபத்து. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, கண்மதிப்பில் கட்டு உயர்த்தும் துணிச்சல் எவருக்கும் வரக் கூடாது. மண்ணைக் கொட்டிக் குவித்துவிடுவதும் கட்டு ஆகாது. படைபடையாகப் பரப்பி, ஈரம் பார்த்து, இறுக்க வேண்டும்.

வேலைக்கான காலத்தையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள். எமது பெருமழை வடகீழ்ப் பருவத்தில், ஒக்டோபரில் தொடங்குகிறது. மண்வேலை ஜூன் முதல் செப்டெம்பருக்குள் முடிந்தாக வேண்டும். ஆனால் ஒதுக்கீடு பல ஆண்டுகளில் ஆவணி தாண்டித்தான் வந்து சேர்கிறது. டிசெம்பர் 31க்குள் செலவாகாத பணம் திரும்பிவிடும் என்ற அவசரத்தில், கொட்டும் மழையில் சேற்றை அள்ளிக் கட்டில் போட்டுவிட்டுப் பணம் பெறும் பட்டியலை நிறைவேற்றுகிறார்கள். கொழும்பில் கணக்கு முடிக்கும் நாளை வைத்துத் திருகோணமலையில் குளம் கட்டும் இந்த வழக்கம் எத்தனை மாரி கண்டும் திருந்தவில்லை. உங்கள் ஒதுக்கீடு செப்டெம்பருக்குப் பிறகு வந்தால், அந்த ஆண்டில் துருசுக்கான கொங்கிறீற்று உறுப்புகளை வார்த்து வைக்கவும், மண்வேலையை அடுத்த கோடைக்கு மாற்றவும் எழுத்தில் கேளுங்கள்.

வீடு, வீதி, தொழிற்பயிற்சி ஆகியவற்றை இந்தப் பதிலில் நான் தொடவில்லை. அவற்றுக்கு நிதி தேடுவது ஒப்பீட்டளவில் எளிது. காணியைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியை உறுதி முடித்து விற்க இயலாது. குளம் திருந்தப் போகிறது என்ற செய்தி பரவியதும் அத்தகைய காணிகளுக்கு விலை பேச ஆட்கள் வருவார்கள். அனுமதிப்பத்திரக்காரர் இறந்த குடும்பங்கள் பின்னுரிமையை, அதாவது வாரிசாகும் உரிமையை, பிரதேச செயலகத்தில் இப்போதே பதிந்துகொள்ளட்டும்.

முதல் வேலையாக, அடுத்த பெரும்போகச் செய்கை தொடங்குமுன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்துக்கு முன்பே கமக்காரர் அமைப்பின் பதிவை முடியுங்கள். அந்தக் கூட்டத்தில் குளத்தின் நிலையை எழுத்தில் முன்வைத்து, கூட்ட அறிக்கையில் அது பதியப்பட்டதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.