ஹிஃப்-1 ஆல்பாவுக்கு (ஆக்சிஜன் குறைந்தால் செல்லில் சேரும் புரதம்) வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) 93 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) பேண்ட் வரவில்லை, 115 பக்கம் மங்கலாக ஏதோ தெரிகிறது. ஆன்டிபாடி கோளாறா?

அந்த மங்கலான பேண்டே நீங்கள் தேடுவதாக இருக்கலாம். 93 என்பது 826 அமினோ அமிலங்களைக் கூட்டிப் போட்ட கணக்கு. ஜெல்லில் ஹிஃப்-1 ஆல்பா 110–120 பக்கம்தான் ஓடும், அதுவும் சற்று இழுபட்டு, சில சமயம் இரண்டாகப் பிரிந்து.

மங்கலாக வருவதற்குப் பெரும்பாலும் லைசிஸ்தான் (செல்லை உடைத்துப் புரதத்தை வெளியே எடுப்பது) காரணம். ஆக்சிஜன் பட்டதும் புரோலில் ஹைட்ராக்சிலேஸ் என்ற என்சைம் ஹிஃப்-1 ஆல்பாவைக் குறிவைக்கும், விஎச்எல் என்ற புரதம் பிடித்து யுபிக்விட்டின் என்ற அழிப்பு முத்திரையை ஒட்டவைக்கும், செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் தின்றுவிடும். அரை ஆயுள் சுமார் 5 நிமிடம். 1% ஆக்சிஜனில் 6 மணி நேரம் வைத்த செல்களை வெளியே எடுத்து, டிரிப்சின் (செல்களைப் பிளேட்டிலிருந்து பிரிக்கும் என்சைம்) போட்டு, சுழற்றி, பெல்லட்டைக் கழுவி முடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விடும். அப்புறம் ஆன்டிபாடியைத் திட்டி என்ன பயன்? வழக்கமான புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் கலவையும் புரோட்டியசோமைத் தடுக்காது.

டிரிப்சினே வேண்டாம். பிளேட்டை எடுத்ததும் ஐஸ் மேல் வையுங்கள். மீடியத்தை உறிஞ்சிவிட்டு, குளிர்ந்த பிபிஎஸ் உப்புக் கரைசலால் ஒரே ஒரு தடவை கழுவி, 95 டிகிரிக்குச் சூடாக்கிய 1% எஸ்டிஎஸ் (வீரியமான டிடர்ஜென்ட்) பஃபரை நேராக ஊற்றிச் சுரண்டுங்கள். ஆறு குழி பிளேட்டில் குழிக்கு 150 மைக்ரோலிட்டர் போதும். டிஎன்ஏ வெளிவந்து சாம்பிள் கோழை மாதிரி ஆகிவிடும். சோனிகேட் செய்யுங்கள், இல்லையென்றால் மெல்லிய ஊசி வழியே பத்துத் தடவை இழுத்துவிடுங்கள். டிடிடியும் (புரதத்தின் டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைக்கும் பொருள்) நீலச் சாயமும் பிசிஏ அளவீடு (புரத அளவு பார்க்கும் சோதனை) முடிந்த பிறகுதான், முதலிலேயே சேர்த்தால் அளவு தப்பாகக் காட்டும். மென்மையான டிடர்ஜென்டான என்பி-40 கொண்ட பஃபரைப் பயன்படுத்திச் சுழற்றினால் நியூக்ளியஸ் அடியில் தங்கி பெல்லட்டோடு குப்பைக்குப் போய்விடும், ஜீன்களை இயக்கும் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டரான ஹிஃப்-1 ஆல்பாவும் கூடவே போகும்.

7.5% ஜெல், லேனுக்கு 40 மைக்ரோகிராம், ஈர டிரான்ஸ்ஃபர், ஆன்டிபாடி 4 டிகிரியில் இரவு முழுக்க. லோடிங் கன்ட்ரோலுக்கு (எல்லா லேனிலும் சம அளவு புரதம் இருக்கிறதா என்று பார்க்க) வின்குலின் வேண்டாம், அதுவும் இதே உயரத்தில்தான் வந்து உட்காரும். ஆக்டின் போடுங்கள்.

சாதாரண ஆக்சிஜனில் வைத்த செல்களுக்கு ஒரு லேன் கட்டாயம் விடுங்கள். அங்கும் 115இல் அதே அடர்த்தியில் பேண்ட் தெரிந்தால் ஆன்டிபாடியைச் சந்தேகப்பட வேண்டியதுதான். ஹைபாக்ஸியா (ஆக்சிஜன் குறைவு) அறையே சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆக்சிஜன் இருந்தாலும் ஹிஃப்-1 ஆல்பாவைச் சிதையாமல் வைக்கும் 150 மைக்ரோமோலார் கோபால்ட் குளோரைடில் 4 மணி நேரம் வைத்த செல்களை இன்னொரு லேனில் ஓட்டுங்கள். அதில் பளிச்சென்று வந்து ஹைபாக்ஸியா லேன் காலியாக இருந்தால், ஆன்டிபாடி மேல் தப்பில்லை.

ஆன்டிபாடியையே சோதிக்க 786-ஓ சிறுநீரகப் புற்றுச் செல்கள் வசதி. அவற்றில் இதை ஒத்த புரதமான ஹிஃப்-2 ஆல்பா உண்டு, ஹிஃப்-1 ஆல்பா புரதம் கிடையாது. அந்த லேனிலும் 115இல் பேண்ட் வந்தால் தயங்காமல் வேறு ஆன்டிபாடி குளோன் வாங்குங்கள்.