மரச்சூட்டு ஓவியத்தில் நான் வரையும் மரம் ஏன் பூக்கோவா போல இருக்கிறது?

பலகையைச் சூடான உலோக முனையால் கருக்கி வரைவதுதான் மரச்சூட்டு ஓவியம். இதில் வெள்ளை நிறம் கிடையாது. சுடாமல் விட்ட பலகைதான் வெளிச்சம். பழகத் தொடங்குபவர்கள் இலை இலையாகச் சுடுவதால்தான் மரம் பூக்கோவா ஆகிவிடுகிறது.

கொழும்பு விகாரமகாதேவிப் பூங்காவில் தள்ளி நின்று, ஒரு பெரிய மரத்தைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். தனித்தனி இலை தெரியாது. வெயில் பட்ட திட்டுகள், அவற்றுக்கடியில் நிழல், இடையிடையே வானம் தெரியும் ஓட்டைகள், அவ்வளவுதான். அந்த நிழலை மட்டும் சின்னச் சின்னச் சுழிகளாகச் சுட்டால் இலைக்கூட்டம் தானாக வந்துவிடும். ஓட்டைகளை மறக்க வேண்டாம். என் கண்ணுக்கு, மரத்துக்கு உயிர் தருவதே அவைதான். தண்டுக்கு, விட்டுவிட்டு இழுத்த நெடுக்குக் கோடுகள் போதும்.

நிறம் ஏறுவது பாண் வாட்டுவது போல. மிதமான சூட்டில் பொறுமையாக வாட்டினால் பொன்னிறம். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் ஓரமெல்லாம் கரி. வர்ணமோ வார்னிஷோ பூசிய பலகையைச் சுட வேண்டாம், புகை கெடுதி.

கருமை வேண்டுமென்றால் அழுத்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அழுத்தினால் பள்ளம்தான் விழும், கருமையைத் தருவது சூடும் முனை அங்கே தங்கும் நேரமும்.